எழுதியவர்: பானுப்பிரியா

சிக்கல்
3 அக்டோபர் 2023

பானு மதினிக்கு,

செல்வி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. பாப்பா காதுகுத்துக்குப் பிறகு நாலு மாதமாக நமக்குள் பேச்சில்லை. போன் செய்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள், எடுத்தாலும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. அதனால்தான் மெயில்.

நம் பிளாக் போய்விட்டது. 'ஊற்றோரம்' என்று தட்டினால் வெள்ளைப் பக்கம் வருகிறது. எழுத்து இல்லை, படம் இல்லை, பிழை என்று ஒரு வரிகூட இல்லை. என் போனிலும் அப்படித்தான், சாயல்குடி பிரவுசிங் சென்டரிலும் அப்படித்தான்.

நேற்று ஈச்சனேந்தலில் கிராம சபைக் கூட்டம். எல்லா வீட்டுக்கும் குழாய் கொடுத்தாகிவிட்டது, தண்ணீர் வருகிறது என்று தீர்மானம் வாசித்தார்கள். குழாய் இருக்கிறதுதான். மூன்று வருஷமாக அதில் காற்று மட்டும் வருகிறது. வீரலட்சுமி அக்கா எழுந்து, "தண்ணி வருதுன்னு எழுதுன ஆளு ஒருநா எங்க வீட்டுல தங்கிக் குளிச்சுட்டுப் போகட்டும்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனுக் கொடுக்கப் போகிறோம். அந்த ஊர்ப் பெண்கள் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் அள்ளிக் குடத்தில் ஊற்றுவதை நான் மாதாமாதம் தேதியும் படமும் போட்டு எழுதியிருக்கிறேன். எங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான். படங்களின் ஒரிஜினல் என் பழைய போனோடு போனது உங்களுக்கே தெரியும். இதற்குள் மழை இறங்கிவிட்டால் ஊற்றும் கண்மாய்க்குள் முங்கிவிடும். வானம் தினமும் கறுத்துக்கொண்டு வந்து வந்து போகிறது.

உள்ளே போய்ப் பார்க்கவும் என்னால் முடியாது. ஜூன் மாதத்திலிருந்து என் லாகின் வேலை செய்யவில்லை. உங்களிடம் கேட்கக் கூடாது என்றிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

செல்வி

*

கோயம்புத்தூர்
4 அக்டோபர் 2023

செல்விக்கு,

மெயில் கிடைத்தது. பிளாக் திரும்ப வந்துவிட்டது, பார்.

படங்களை வரிசையாகக் காட்டுவதற்கு ஒரு பிளகின், அதாவது பிளாக்கோடு ஒட்டவைக்கும் குட்டி நிரல், போட்டிருந்தேன் அல்லவா, அது தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. நம் சர்வர் பழையது. புதுப் பிளகினுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை, பக்கம் வெள்ளையாகிவிட்டது. சர்வரில் பிளகின்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். எல்லாம் மொத்தமாக நின்றன. பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஐந்தாவதில் மறுபடி வெள்ளை. அதை எடுத்துவிட்டேன்.

ஆனால் பக்கத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் அப்டேட் ஆகியிருக்கிறது. நான் அதில் செய்து வைத்திருந்த மாற்றங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. நம் மாற்றங்களைத் தனி ஃபைலில் வைக்காமல் தீமுக்குள்ளேயே கைவைத்து எழுதியது என் தப்பு. இதே தொழில் செய்கிறவள் செய்யக் கூடாத தப்பு. இப்போது பக்கம் கடையில் வாங்கின பொம்மை மாதிரி இருக்கும்.

நீ ஒவ்வொரு பதிவாகத் திறந்து எங்கெங்கே கோளாறு என்று எழுதி அனுப்பு. ஆபீஸ் வேலைக்கு நடுவில்தான் பார்க்க முடியும்.

பாப்பா சுகம். உன் அண்ணனும் சுகம். நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

பானுப்பிரியா

*

சிக்கல்
7 அக்டோபர் 2023

மதினிக்கு,

பார்த்தேன். திரும்ப வந்ததற்கு நன்றி.

கோளாறுகள் இவை. கணினியில் திறந்தால் தலைப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, தமிழ் எழுத்து இல்லை. போனில் சரியாக இருக்கிறது. படங்கள் பாதி படுத்துக் கிடக்கின்றன. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தேதிதான் பெரிய கோளாறு. 2020இல் எழுதிய பதிவில்கூட 'அக்டோபர் 4, 2023' என்று இருக்கிறது. நீங்கள் சரிசெய்த தேதி அது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மூன்று வருஷக் கஷ்டத்தையும் போன வாரம் உட்கார்ந்து எழுதினேன் என்று ஆகிவிடும்.

வீரலட்சுமி அக்கா நேற்று வண்டியில் எட்டுக் குடத்தைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏத்தா, அந்தப் படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல? மழை இறங்கிருச்சுன்னா பொறகு எவன் வந்து பாக்கப்போறான்? கண்மாயே தளும்புது, உனக்கென்ன தண்ணிப் பஞ்சம்னு கேப்பான்." இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து மறுபடி போனை எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்க்கிறேன். எங்கள் மிளகாய்க் காட்டில் விதைப்புக்கு ஆள் நிற்கிறது, அய்யா கத்துகிறார், நான் வரப்பில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

லாகின் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் எழுதவில்லை. மறுபடி முயன்றேன். 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று வருகிறது. பாஸ்வேர்ட் தப்பு என்று வந்தால் எனக்குப் புரியும். ஆளே இல்லை என்றால் என்ன அர்த்தம்?

செல்வி

*

கோயம்புத்தூர்
11 அக்டோபர் 2023

செல்விக்கு,

தேதி சரியாகிவிட்டது. புதுத் தீம் கடைசியாக மாற்றிய தேதியைக் காட்டும்படி வந்திருக்கிறது. முதலில் வெளியிட்ட தேதியைக் காட்டும்படி மாற்றினேன். இந்த முறை தனி ஃபைலில் எழுதினேன், இனி அப்டேட் வந்தாலும் அழியாது. தமிழ் எழுத்துருவை நம் சர்வரிலேயே ஏற்றிவிட்டேன். படங்களை மூன்று நாளாக ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு படம்.

லாகின் கோளாறுக்குக் காரணம் பாதுகாப்புப் பிளகின். ரொம்ப நாள் உள்ளே வராதவர்களை அது பூட்டிவிடும். அவசரம் முடியட்டும், பிறகு பார்ப்போம்.

ஒன்று கேட்கவா? காதுகுத்தில் உன் அண்ணனின் சினேகிதர்களிடம் நான் 'என் பிளாக்' என்று சொன்னேன். அது உனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் இலை போட்டிருக்கிறது, கமுதியிலிருந்து என் அம்மா வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே நீ என்ன சொன்னாய்? "ஏசியில உக்காந்து பட்டனத் தட்டுறவுகளுக்கெல்லாம் இது சொந்தமாகாது மதினி, வெயில்ல அலைஞ்சவளுக்குத்தான் சொந்தம்." என் சித்தி பரிமாறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாலு வருஷமாக அந்தப் பட்டன்களைத் தட்டியது யார்? நீ எழுதி அனுப்பிய மறுநாள் அது அழகாக வெளியே வந்ததே, எப்படி வந்தது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? எட்டு மணிநேரம் ஊரான் வெப்சைட்டுக்கு உழைத்துவிட்டு வந்து உன் பிளாக்குக்கு உட்காருவேன். 'என்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

மனு நல்லபடி முடியட்டும். பிரிண்ட் எடுக்கும்போது கலரில் எடு.

பானு

*

சிக்கல்
17 அக்டோபர் 2023

மதினிக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். குறுக்கே எதுவும் யோசிக்காமல் படியுங்கள்.

காலை முதல் பஸ்ஸில் பதினோரு பெண்கள் கிளம்பினோம். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் முப்பத்தாறு பக்கம் கலரில் பிரிண்ட் எடுத்தோம். அவசரம். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்ததை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போனில் பத்துத் தடவை பார்த்ததுதானே என்ற தைரியம்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். பொறுமையாகப் புரட்டினார். தேதிகளைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தின் மேலே விரலை வைத்து, "இந்த பானுப்பிரியா யாரு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பினார். முப்பத்தாறு பக்கத்திலும் தலையில் இருக்கிறது: 'எழுதியவர்: பானுப்பிரியா, வலைத்தள வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்.'

"அவங்க வந்திருக்காங்களா?"

"இல்ல சார். எழுதுனது நான்தான்."

"அப்ப பேரு ஏன் வேற இருக்கு?"

வீரலட்சுமி அக்கா முன்னால் வந்தார். "இந்தப் புள்ளதான்யா மாசாமாசம் வரும். எங்க கூடவே ஊத்துக்குள்ள எறங்கி நின்னு படம் புடிக்கும்."

அதிகாரி தலையை ஆட்டினார். "அம்மா, கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் இன்டர்நெட்ல எழுதுனத நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. மனுவை வாங்கிக்கிறேன். இதக் கொண்டுபோங்க" என்று முப்பத்தாறு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வர பஸ் ஏறினோம். சாயல்குடி வர அரைமணி இருக்கும்போது வீரலட்சுமி அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எங்க கதைய அந்தக் கோயம்புத்தூர்க்காரிக்கு வித்துப்புட்டியாத்தா?"

மதினி, நான் இன்னும் சாப்பிடவில்லை. போனில் அந்தப் பெயர் இல்லை. காகிதத்தில் எப்படி வந்தது? என் பெயர் எங்கே போனது?

செல்வி

*

கோயம்புத்தூர்
18 அக்டோபர் 2023

செல்விக்கு,

படித்தேன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. புதுத் தீமில் எழுதியவர் பெயர் தானாக வரும். தளத்தை நிர்வகிப்பவரின் பெயரை அது எடுத்துக்கொண்டிருக்கும். தீம் செய்த வேலைதான் இது. சரிசெய்துவிடுகிறேன். மறுபடி மனுக் கொடுக்கலாம்.

பானு

*

கோயம்புத்தூர்
20 அக்டோபர் 2023

செல்வி,

முந்தாநாள் எழுதியது பொய். தீம் எதுவும் செய்யவில்லை.

காதுகுத்து முடிந்த அன்றே கோவைக்குப் பஸ் ஏறினோம். வீட்டுக்குள் வந்ததும் கால்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தேன். பயனர் பட்டியலில் இரண்டு பெயர், உன்னுடையதும் என்னுடையதும். உன் பெயருக்குக் கீழே 'நீக்கு' என்று இருக்கும். அழுத்தினேன். உடனே நீக்கிவிடாது, ஒரு கேள்வி கேட்கும். இவர் எழுதிய பதிவுகளை என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாற்று என்றதற்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. உன் நூற்று நாற்பத்து மூன்று பதிவும் ஒரு நொடியில் என் பெயருக்கு வந்துவிட்டன.

வெளியே யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரிந்தால் ஊரில் தொந்தரவு வரும் என்று நீ கேட்டதால், பழைய தீமில் எழுதியவர் பெயரையே நான் முதலிலிருந்து மறைத்து வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து உன்னைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன். நீ கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். வரிக்கு வரி என் பெயர். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது.

இந்த மாதம் புதுத் தீம் வந்ததும் என் பெயர் பக்கத்தின் மேலே வந்து நின்றது. பார்த்தேன். பார்த்தவுடன் உன் பெயருக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் நான் செய்தது உனக்குத் தெரிந்துவிடும். அதனால் திரையில் அந்த வரி தெரியாதபடி மறைத்துவிட்டேன். இரண்டே வரி வேலை. ஆனால் அச்சுக்குப் போகும்போது பக்கம் வேறு விதிகளின்படி ஓடும். அதில் மறைக்க மறந்துவிட்டேன். கலரில் எடு என்று வேறு உனக்குச் சொன்னேன்.

அந்த வீரலட்சுமி அக்கா கேட்ட கேள்வி என் காதிலேயே நிற்கிறது. ஆபீஸில் இரண்டு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

பானு

*

சிக்கல்
24 அக்டோபர் 2023

மதினிக்கு,

படித்த அன்று பதில் எழுதியிருந்தால் நம் இரண்டு குடும்பமும் முகம் பார்க்க முடியாதபடி எழுதியிருப்பேன். அதனால் நாலு நாள் மிளகாய்க் காட்டிலேயே கிடந்தேன். விதைத்து முடித்துவிட்டோம். சனிக்கிழமை மழை பெய்தது. நல்ல மழை. ஊரே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈச்சனேந்தல் கண்மாய்க்கு ஓடினேன். ஏழு ஊற்றில் மூன்று முங்கிவிட்டது.

'பிடித்திருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் கோபத்தில் செய்தது என்று ஒதுக்கிவிடலாம். இதை ஒதுக்க முடியவில்லை. ஆனால் இதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் மற்றதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணனிடம் நான் சொல்லமாட்டேன். அய்யாவிடமும் சொல்லமாட்டேன். உங்கள் மேல் உள்ள பிரியத்தில் இல்லை. சொன்னால் எல்லாரும் கூடி உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றிப் பேசுவார்கள், குழாயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பந்தியில் நான் பேசியது தப்பு. அதை அங்கே வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக நீங்கள் செய்தது நான் பேசியதைவிட ரொம்பப் பெரிது.

நவம்பர் 6 திங்கட்கிழமை மறுபடி போகிறோம். வீரலட்சுமி அக்கா வரமாட்டேன் என்கிறார். "ஒருக்கா அசிங்கப்பட்டது போதும்" என்கிறார். எனக்கு எல்லாம் வேண்டும். எல்லாப் பாஸ்வேர்டும். நீங்கள் சரிசெய்து தர வேண்டாம், எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதுங்கள். நானே செய்கிறேன்.

செல்வி

*

கோயம்புத்தூர்
25 அக்டோபர் 2023

செல்விக்கு,

எல்லாம் தருகிறேன். சர்வர், டொமைன், தளம், மூன்றின் பாஸ்வேர்டும் தனி மெயிலில் இருக்கிறது. உனக்கு நிர்வாகி கணக்கு உண்டாக்கியிருக்கிறேன். உள்ளே போனதும் முதல் வேலையாக என் கணக்கை நீக்கிவிடு. அப்போது உன்னிடமும் அதே கேள்வி கேட்கும். 'வேறொருவர் பெயருக்கு மாற்று' என்பதைத் தேர்ந்தெடுத்து உன் பெயரைக் கொடு. அவசரத்தில் மேலே இருப்பதை அழுத்திவிட்டால் நாலு வருஷமும் போய்விடும். கையை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துவிட்டு அழுத்து. அதற்கு முன்னால் பேக்கப் எடு, அது இல்லாமல் எதையும் தொடாதே.

என் லேப்டாப்பில் மே மாதத்துப் பேக்கப் ஒன்று இருக்கிறது. அதில் எல்லாப் பதிவும் உன் பெயரில்தான் இருக்கிறது. அதை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தளத்துக்குள் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கும் பிளகின் ஒன்று ஓடுகிறது. ஜூன் மாதப் பக்கத்தைத் திற. 'பானுப்பிரியா, மாரிச்செல்வியை நீக்கினார். 143 பதிவுகள் பானுப்பிரியா பெயருக்கு மாற்றப்பட்டன' என்று நேரத்தோடு இருக்கும். அழிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அழிக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டு.

அது போதாது என்றால் நானே வருகிறேன். அதிகாரி கேட்டாரல்லவா, அவங்க வந்திருக்காங்களா என்று.

நேற்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அவ அழுதாளா?" என்றுதான் கேட்டார். தெரியாது என்றேன்.

பானு

*

சிக்கல்
1 நவம்பர் 2023

மதினிக்கு,

அழவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

செய்துவிட்டேன். பேக்கப் எடுக்கவே ஒரு முழுக் காலை ஆனது, சிக்னல் அறுந்து அறுந்து போனது. உங்கள் கணக்கை நீக்கப் போனபோது அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் எழுதியதை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பட்டியலில் நூற்று நாற்பத்து ஒன்பது பதிவு இருந்தது. ஆறு உங்களுடையது. போனில் தமிழ் தட்டுவது எப்படி, படத்தைச் சின்னதாக்குவது எப்படி என்று நீங்களே எழுதியவை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அந்த ஆறும் என் பெயருக்கு வந்துவிடும். ரத்து செய்துவிட்டு வெளியே வந்தேன். நூற்று நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து என் பெயருக்கு மாற்றினேன். அந்த ஆறு அப்படியே இருக்கிறது. உங்கள் கணக்கை நீக்கவில்லை. அதன் அதிகாரத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். என் பெயரைப் பெரிதாகக் காட்டலாம் என்று தீமில் ஒரு இடத்தில் கைவைத்தேன். மொத்தப் பக்கமும் மறுபடி வெள்ளையானது. உங்களுக்கு எழுத மெயிலைத் திறந்தேன், எழுதாமல் மூடினேன். பேக்கப்பிலிருந்து அந்த ஃபைலை மட்டும் எடுத்துத் திரும்பப் போட்டேன். வந்துவிட்டது. ஒரு அரைப்புள்ளியை அழித்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது: நாலு வருஷமாக இப்படி எத்தனை வெள்ளைப் பக்கம் எனக்குத் தெரியாமல் உங்களுக்கு வந்ததோ.

ஊற்று எல்லாம் முங்கிவிட்டது. இனி காகிதம்தான்.

ஆறாம் தேதி வாருங்கள். ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டில் ஒன்பது மணிக்கு நிற்போம். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

செல்வி

*

கோயம்புத்தூர்
8 நவம்பர் 2023

செல்வி,

நல்லபடி வந்து சேர்ந்தேன். நேரில் உன்னிடம் பேச முடியாததை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். அதிகாரி முன்னால் நின்று, "இவங்க கணக்க அழிச்சது நான்தான் சார். கோவத்துல செஞ்சேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க குடும்பப் பிரச்சினைய வெளிய வச்சுக்கங்கம்மா. தேதியெல்லாம் உண்மையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். உண்மை என்றேன். அவ்வளவுதான். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது, அவருக்கு ஒரு வரி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசி நிமிஷத்தில் வீரலட்சுமி அக்காவும் வந்து நின்றார்களே. வெளியே வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "நீதான் அந்தக் கோயம்புத்தூரா?" ஆமாம் என்றேன். "நான் ரொம்பப் பெரிய ஆளா இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். நீ தூணுக்கு அந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்க்காத மாதிரி நின்றாய் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஊருக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாரே, வருவாரா? இரண்டு நாளாக அதே யோசனை. நாம் சமாதானமாகிவிட்டோமா செல்வி?

பானு

*

சிக்கல்
16 நவம்பர் 2023

மதினிக்கு,

வந்தார். போன வியாழக்கிழமை மதியம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்மாய் முழுக்கத் தண்ணீர். நான் பயந்தது மாதிரியே கூட வந்தவர், "இவ்வளவு தண்ணி கெடக்கே" என்றார். அதிகாரி நேராகப் போய் வீரலட்சுமி அக்கா வீட்டுக் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. அடுத்த வீடு. அடுத்த தெரு. பதினாலு குழாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் நம் காகிதத்தைப் புரட்டி ஒரு தேதியைப் பார்த்தார், தன் நோட்டில் எழுதினார். மெயின் லைன் ஊருக்கு வெளியே முந்நூறு அடிக்கு முன்னால் நின்றுவிட்டதைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஊருக்குள் இருக்கும் குழாய் எதனோடும் சேரவே இல்லை. மூன்று வருஷமாக.

தீபாவளிக்கு மறுநாள் ஆட்கள் வந்து பள்ளம் வெட்டினார்கள். நேற்று புதன்கிழமை தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் கலரில், பிறகு தெளிந்து. இருபது நிமிஷம் வந்தது, நின்றுவிட்டது. வீரலட்சுமி அக்கா நாலு குடம் பிடித்தார். ஒன்றை அப்படியே தூக்கி என் தலையிலேயே ஊற்றிவிட்டார். தெருவே சிரித்தது. நான் ஈரத்தோடு நின்று படம் எடுத்தேன்.

"எழுதுத்தா. ஆனா இருவது நிமிசம்னு போடு. நாள் பூரா வந்துச்சுன்னு எழுதிப்புட்டா பொறகு இத்தோட விட்டுப்புடுவாய்ங்க" என்றார். அப்படியே எழுதி நேற்றே வெளியிட்டுவிட்டேன். என் பெயரில். அய்யா படித்துவிட்டு, பெயர் போட்டிருக்கியே, பயமில்லையா என்று கேட்டார். பயம்தான் என்றேன்.

சமாதானமாகிவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். எட்டு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான், எனக்குத் தெரியவில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று அந்த முப்பத்தாறு பக்கம் ஞாபகம் வருகிறது, உடம்பெல்லாம் எரிகிறது. கொஞ்ச நேரத்தில் நீங்கள் அவர் முன்னால் நின்றது ஞாபகம் வருகிறது. வெளியே வந்து அக்கா ஊற்றிய டீயை நீங்கள் வாங்கிக் குடித்ததையும் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தேன்.

தீமையும் பிளகினையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை இன்றைக்கு உங்கள் கணக்குக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறேன். ஆட்களை நீக்கும் அதிகாரம் மட்டும் அதில் இல்லை. தளத்தின் அடியில், 'வடிவமைப்பு: பானுப்பிரியா' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். அது நாலு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது. எழுத்து கொஞ்சம் கோணலாக நிற்கிறது, எனக்கு நிமிர்த்தத் தெரியவில்லை.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் மதினி. ஆனால் போன் செய்தால் எடுப்பேன்.

செல்வி